அப்பாவின் காக்கிச் சட்டையைத் துவைத்தது யார்?

உங்கள் வீட்டில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயசு 65, 70 இருக்கும். முன்பெல்லாம் பால் பாக்கெட்டோடு இரண்டு மாடியை விறுவிறுவென்று ஏறி வந்தவர், இப்போது முதல் மாடித் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். அவ்வப்போது வறட்டு இருமல் வேறு. ‘வயசாயிடுச்சு, அவ்வளவுதான்’ என்று அவரே சொல்லிக்கொள்கிறார். நீங்கள் விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போகிறீர்கள். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, சிகரெட் பழக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று டாக்டர் வரிசையாகக் கேட்கிறார்.

எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கூட்டம் அலைமோதும் கிளினிக்கில் ஒரு கேள்வி பல சமயம் விட்டுப்போகிறது. “ஐயா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?”

அப்படியே கேட்டாலும் என்ன பதில் வரும்? ‘மில்லுல இருந்தேன்’, ‘பவர் ஹவுஸ்ல ஃபிட்டர்’, ‘கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருந்தேன்’. அதோடு சரி. அந்த மில்லில் எந்த மூலையில் நின்றார், எதைத் தொட்டார், எந்தத் தூசியைச் சுவாசித்தார் என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. அப்படி ஒரு மூலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நீராவிக் குழாய்களும், அவற்றின் மேல் போர்த்தும் கனமான ‘சட்டை’யும் இருக்கிற மூலை. குழாய்க்கும் உங்கள் குடும்ப ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், அந்தத் தூசி உங்கள் வீட்டுத் துவைக்கிற கல் வரைக்கும் வருகிறது.

குழாய்க்கு எதற்குச் சட்டை?

பெரிய ஆஸ்பத்திரி, சர்க்கரை ஆலை, சாயப்பட்டறை, அனல் மின்நிலையம், நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கும் ஹாஸ்டல்... இங்கெல்லாம் எங்காவது ஒரு பாய்லர் இருக்கும். ஓரிடத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியைக் குழாய் வழியே கட்டடம் முழுக்க அனுப்புவார்கள். ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்குவது, போர்வைகளைத் துவைப்பது, அண்டாவில் சாதம் வேகவைப்பது எல்லாம் இந்த நீராவிதான். குளிர் நாடுகளில் வீடு, ஆபீஸ், பள்ளிக்கூடங்களைக் கதகதப்பாக வைத்திருப்பதும் இதே நீராவிதான்.

நம் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறபோது உள்ளே சுமார் 120 டிகிரி சென்டிகிரேடு இருக்கும். ஆலை பாய்லர் 7 கிலோ அழுத்தத்தில் ஓடினால் குழாய்க்குள் சுமார் 170 டிகிரி. பெரிய அனல் மின்நிலையங்களில் அது 500 டிகிரியையும் தாண்டிவிடும். இந்தக் குழாயை அப்படியே வெறுமனே விட்டால் என்ன ஆகும்? கை பட்டால் தோல் கழன்றுவிடும். அதுமட்டுமல்ல, நீராவி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதற்குள் பாதி வழியிலேயே குளிர்ந்து தண்ணீராகும். எரித்த கரி, எண்ணெய் எல்லாம் காற்றுக்குத்தான் போகும்!

அதனால்தான் குழாய்க்குச் சட்டை. சூடான பாத்திரத்தை நாம் பழந்துணியால் பிடித்து இறக்குகிறோம் இல்லையா, அதே தத்துவம். துணி நூல்களுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று, சூட்டை லேசில் கடத்தாது. தொழிற்சாலைக்காரர்கள் இதை ‘லாகிங்’ என்பார்கள். ‘இன்சுலேஷன்’ என்றும் சொல்வதுண்டு.

துணியோ வைக்கோலோ 170 டிகிரியில் தாங்காது, கருகிவிடும். எரியவும் கூடாது, உள்ளே காற்றும் அடைபட வேண்டும், விலையும் சல்லிசாக இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருத்தமாக ஒரு பொருள் பூமிக்குள்ளேயே கிடைத்தது. ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் கல்நார் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே கல்லிலிருந்து உரிக்கிற நார்தான் அது. பஞ்சு மாதிரிப் பிரிக்கலாம், நூலாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம், நெருப்பில் போட்டாலும் எரியாது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று மூன்று முக்கிய வகைகள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1970கள் வரை உலகம் முழுக்க மின்நிலையம், கப்பல், ஆஸ்பத்திரி, ரயில் இன்ஜின் என்று எங்கெல்லாம் நீராவிக் குழாய் ஓடியதோ, அங்கெல்லாம் அனேகமாக இதுவும் கூடவே போனது. ‘85 சதவீத மக்னீசியா’ என்று ஒரு குழாய் உறை அந்தக் காலத்தில் ரொம்பப் பிரபலம். பெயரைக் கேட்டால் ஏதோ வயிற்று மருந்து போல இருக்கிறது. மீதி 15 சதவீதம் என்ன என்பதுதான் கேள்வி. கல்நார்!

வேலை எப்படி நடக்கும் தெரியுமா? மூட்டையைப் பிரித்து, பொடியைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைவார்கள். அதை வெறும் கையால் வாரிக் குழாய் மேல் அப்புவார்கள். நேரான குழாய் என்றால், முன்பே வார்த்து வைத்திருக்கும் அரைவட்ட ஓடுகளை ரம்பத்தால் அறுத்துப் பொருத்துவார்கள். வளைவுகளில் கல்நார்க் கயிறு சுற்றுவார்கள். மேலே கித்தான் துணி போர்த்தித் தைத்து, பெயிண்ட் அடித்துவிட்டால் முடிந்தது.

இப்படிப் பூசி மூடிய சட்டை, தொடாமல் இருக்கும்வரை பெரிய தொந்தரவு தராது. ஆபத்து இரண்டு சமயத்தில். மூட்டையைப் பிரித்துக் கலக்கும்போது ஒன்று. அதைவிட மோசமானது, பழையதைப் பிரிக்கும்போது. வருடாவருடம் ‘ஷட்டவுன்’ வரும். வால்வு கெட்டிருக்கும், குழாய் ஒழுகும். வெல்டர் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் சட்டையைக் கழற்ற வேண்டும். வருடக்கணக்காகச் சூட்டில் காய்ந்து மொறுமொறுத்துப் போனதை உளியும் சுத்தியலும் வைத்து உடைப்பார்கள். பாய்லர் ரூம் முழுக்க வெள்ளைப் புகை மாதிரி தூசி மண்டும். லாகிங் வேலைக்காரர் மட்டுமா அதைச் சுவாசிக்கிறார்? பக்கத்தில் நிற்கும் ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன், கடைசியில் கூட்டிப் பெருக்க வருகிற அம்மா... எல்லோரும்தான். ‘நான் ஆஸ்பெஸ்டாஸ் வேலையே பார்த்ததில்லையே’ என்று உங்கள் அப்பா சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

உள்ளே போனால் என்ன செய்யும்?

சாதாரணத் தூசியை மூக்கு முடியும் சளியும் வடிகட்டிவிடும். கல்நார் இழை வேறு ரகம். அது நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும். பிளந்து பிளந்து, தலைமுடியின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத ஊசியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, தும்மல்கூட வராது. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

அங்கே துப்புரவு வேலை பார்க்கும் செல்கள் இருக்கின்றன. எந்த அந்நியப் பொருள் வந்தாலும் விழுங்கிச் செரித்துவிடும். ஆனால் தன்னைவிட நீளமான ஊசியை எப்படி விழுங்குவது? பாதி விழுங்கி, முடியாமல் திணறி, தன்னிடமிருக்கும் ரசாயனங்களைக் கக்கிவிட்டுச் செத்துப்போகிறது. இழை அப்படியே இருக்கிறது. அடுத்த செல் வருகிறது. அதற்கும் அதே கதி. இந்தச் சண்டை பல வருஷம் ஓயாமல் நடக்கிறது. நடந்த இடமெல்லாம் தழும்பு. பஞ்சு மாதிரி விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்துப்போகிறது. இதற்குப் பெயர்தான் ஆஸ்பெஸ்டோசிஸ். உங்கள் தலைமுடி இரண்டு மூன்றைக் காதருகே விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மெல்லிசாக ஒரு நறநற சத்தம் கேட்கும். ஆஸ்பெஸ்டோசிஸ் நோயாளியின் முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், மூச்சு இழுக்கும்போது டாக்டருக்குக் கேட்பது கிட்டத்தட்ட அந்தச் சத்தம்தான்.

தழும்போடு நின்றால் பரவாயில்லை. நுரையீரல் புற்றுநோய் வரலாம். நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வரலாம். கல்நாரோடு சம்பந்தமில்லாதவர்களுக்கு இந்த நோய் மிக அபூர்வம். கல்நாரின் எல்லா வகைகளுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ‘இவ்வளவு வரை பாதுகாப்பு’ என்று ஒரு அளவை யாராலும் காட்ட முடியவில்லை.

அவசரப்பட்டு எண்ணியதால் வந்த தப்பு

இவ்வளவு ஆபத்தான பொருளை எப்படி இத்தனை வருஷம் விட்டுவைத்தார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

கல்நார் ஆலைகளில் நோய் வருவது இங்கிலாந்தில் 1920களிலேயே தெரிந்துவிட்டது. 1924இல் ராச்டேல் என்ற ஊரின் ஆலைத் தொழிலாளியான நெல்லி கெர்ஷா என்ற பெண் 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலைச் சோதித்த டாக்டர் குக் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 1931இல் இங்கிலாந்தில் ஆலைகளுக்குத் தூசிக் கட்டுப்பாட்டு விதிகளும் வந்தன. ஆனால் விதிகள் ஆலைக்குத்தான். வெளியே குழாய் மேல் பூசுகிறவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கப்பல்களை மளமளவென்று கட்டித் தள்ளியது. கப்பல்களின் நீராவிக் குழாய்க்கு உறை போடுகிற 1,074 பேரைச் சோதித்து 1946இல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்றே மூன்று பேருக்குத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்தது. ஆகவே இது ஆபத்தான தொழில் இல்லை என்று முடிவு சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் நிம்மதி!

ஆனால் அந்த ஆய்வுக்குள்ளேயே உண்மை ஒளிந்திருந்தது. நோய் வந்த மூன்று பேரும் 20 வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தவர்கள். சோதிக்கப்பட்டவர்களில் 95 சதவீதம் பேரோ பத்து வருஷம்கூடப் பார்க்காதவர்கள். மாங்கொட்டை நட்ட மறுவருஷமே போய்ப் பார்த்துவிட்டு ‘இந்த மரம் காய்க்காது’ என்று சொன்ன கதைதான். அந்த நிம்மதிக்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தனவோ!

தப்பைக் கண்டுபிடித்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் இர்விங் செலிகாஃப். அவர் புத்திசாலித்தனமாகத் தொழிற்சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியலை எடுத்தார். 1942இல் பட்டியலில் இருந்த 632 லாகிங் தொழிலாளிகளுக்கு 1962 வரை என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவராகத் தேடினார். 255 பேர் இறந்திருந்தார்கள். அதில் 45 பேர் நுரையீரல் அல்லது அதன் சவ்வில் வந்த புற்றுநோயால். சாதாரணமாக எதிர்பார்க்க வேண்டியது ஏழு பேருக்கும் குறைவு. அடுத்து, உயிரோடு இருப்பவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார். வேலையில் சேர்ந்து 20 வருஷம் தாண்டியிருந்த 392 பேரில் 339 பேரின் படத்தில் ஆஸ்பெஸ்டோசிஸ் தெரிந்தது. அதே குழாய், அதே உறை. பார்த்த காலம்தான் வேறு.

இந்தக் கணக்கை நீங்கள் மறக்கவே கூடாது. ஆஸ்பெஸ்டோசிஸ் தெரியப் பெரும்பாலும் 10, 20 வருஷத்துக்கு மேல் ஆகும். மீசோதீலியோமா 30, 40 வருஷம் கழித்துக்கூட வரும். 1980இல் பாய்லர் ரூமில் வேலைக்குச் சேர்ந்த இளைஞருக்கு, பேரன் எடுத்த பிறகு மூச்சு வாங்க ஆரம்பிக்கலாம்.

சிகரெட்டும் சேர்ந்துவிட்டால்? செலிகாஃப் குழு 1979இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், லாகிங் வேலை மட்டும் பார்த்தவர் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு. சிகரெட் மட்டும் பிடித்தவருக்கு சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு 16 மடங்கு என்று நீங்கள் கூட்டியிருப்பீர்கள். இல்லை, 53 மடங்கு!

துவைத்த பெண்கள்

இப்போது தலைப்புக்கு வருவோம். 1965இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்ஸன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மீசோதீலியோமாவால் பாதிக்கப்பட்டவர்களின் பழைய வாழ்க்கையைத் தோண்டினார்கள். என்ன வேலை பார்த்தார்கள், எங்கே குடியிருந்தார்கள், வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று விசாரித்தார்கள். 76 பேரைப் பற்றிய விவரம் கிடைத்தது. 40 பேருக்குக் கல்நாரோடு தொடர்பு இருந்தது. அந்த 40இல் 9 பேர் ஆலை வாசலையே மிதிக்காதவர்கள். வீட்டில் வேறொருவர்தான் அந்த வேலை பார்த்திருக்கிறார். பெரும்பாலும் கதை ஒன்றுதான்: கணவரின் வேலை உடுப்பை உதறித் துவைத்த மனைவி.

நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். சாயந்திரம் வேலையிலிருந்து வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தை. மறுநாள் அம்மா அந்தக் காக்கிச் சட்டையை எடுத்து, ‘எவ்ளோ தூசி!’ என்று பட்டென்று இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் வாளியில் போடுவார். அந்த உதறலில்தான் இழைகள் மறுபடி காற்றில் கிளம்புகின்றன. அம்மாவுக்கு வேலை அனுபவச் சான்று கிடையாது, இ.எஸ்.ஐ. அட்டையில் தொழில் என்ற இடத்தில் எதுவும் இருக்காது. பிற்பாடு மூச்சு வாங்கினால் எந்த டாக்டருக்குச் சந்தேகம் வரும்?

இன்றைக்கும் பழைய குழாய்களை எவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாள வேண்டியிருக்கிறது என்பதற்கு நியூயார்க்கையே பார்க்கலாம். அந்த நகரத்தின் தெருக்களுக்கு அடியில் 1882இலிருந்து நீராவிக் குழாய்கள் ஓடுகின்றன. 1989 ஆகஸ்டில் கிராமர்சி பார்க் பகுதியில் ஒரு குழாய் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். சேறும் நீராவியும் பல மாடி உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. கூடவே குழாய் உறையிலிருந்த சுமார் 90 கிலோ கல்நாரும்! கம்பெனி சில நாள் வரை அதை மறைத்தது. 1994இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பிறகு 2018 ஜூலையில், 1932இல் பதித்த இன்னொரு குழாய் வெடித்தது. அப்போது நகர நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? சேறு பட்டவர்கள் உடுத்தியிருந்த துணியைக் கழற்றிப் பையில் கட்டி ஒப்படைத்துவிட வேண்டும், உடனே குளிக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கக் கூடாது. ஒரு நாள், சில நிமிஷம் பட்ட தூசிக்கே இந்த ஏற்பாடு.

நம் நாட்டில்?

அமெரிக்காவில் 1975இல், கையால் நசுக்கினால் பொடியாகிற கல்நார்க் குழாய் உறைகளைப் புதிதாகப் போடுவதைத் தடை செய்தார்கள். இங்கிலாந்தில் பழுப்பும் நீலமும் 1985இல், வெள்ளை 1999இல் தடையாயின. இந்தியாவில் முழுத் தடை இல்லை. வெள்ளைக் கல்நார் இறக்குமதியாகிறது. அதில் பெரும்பகுதி சிமென்ட் ஷீட்டுக்குப் போகிறது.

ஆனால் நம்மிடம் ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது. நுகர்வோர் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமோ, ஓய்வு பெற்றதிலிருந்து 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். ஏன் 40 வருஷம் என்று இந்நேரம் உங்களுக்கே புரிந்திருக்கும். ஆஸ்பெஸ்டோசிஸ், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா மூன்றுமே நஷ்டஈடு பெறக்கூடிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. கிடைப்பதற்குத் தேவை ஆதாரம். நம் வீடுகளில் ரிட்டயர் ஆன மறுவாரமே பழைய ஐ.டி. கார்டு, ஷிஃப்ட் சீட்டு எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகிறதே!

இப்போது புதிதாகப் போடுகிற குழாய்களில் பெரும்பாலும் ராக்வூல், கிளாஸ்வூல், கால்சியம் சிலிகேட் போன்றவற்றைச் சுற்றி, மேலே பளபளவென்று அலுமினியத் தகடு போர்த்துகிறார்கள். ராக்வூலும் கிளாஸ்வூலும் தோலில் பட்டால் அரிக்கும், தொண்டை கரகரக்கும். ஆனால் கல்நாரோடு சேர்த்துப் பேசத் தேவையில்லை. ரொம்ப அதிகச் சூட்டுக்குப் போடும் செராமிக் ஃபைபரிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. புற்றுநோய்க்கு வாய்ப்பு இருக்கலாம் என்ற பிரிவில் அது இருக்கிறது. பளபள தகட்டைப் பார்த்து ஏமாந்துவிடவும் கூடாது. பழைய உறைக்கு மேலேயே புதுத் தகடு அடித்துவிட்டுப் போகிற இடங்களும் உண்டு. உள்ளே இருப்பது கல்நாரா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லேபில் மைக்ராஸ்கோப் வைத்துத்தான் சொல்ல முடியும்.

உங்கள் மகனோ கணவரோ இப்போது பாய்லர் பராமரிப்பு, பழைய ஆலை இடிப்பு, கப்பல் உடைப்பு மாதிரி வேலையில் இருந்தால் கேட்டுவையுங்கள்: ‘பழைய லாகிங்கைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணினாங்களா?’ பிரிப்பதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள்தான் அதைத் தொட வேண்டும். நன்றாக நனைத்துப் பிரிக்க வேண்டும், காய்ந்ததை உடைக்கக் கூடாது, விளக்குமாற்றால் கூட்டக் கூடாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது, கோவிட் காலத்துத் துணி மாஸ்க், பச்சை நிற ஆஸ்பத்திரி மாஸ்க் எதுவும் இந்த இழையைத் தடுக்காது. அதற்கென்று முகத்தோடு ஒட்டி நிற்கும் வடிகட்டிக் கவசம் தேவை. வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, உடை மாற்றி வர வேண்டும். அந்த உடுப்பைத் துவைத்துக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ‘வீட்டுக்கே எடுத்துட்டு வந்துடுங்க, நான் துவைச்சுக்கறேன்’ என்று நீங்கள் பரிதாபப்பட வேண்டாம். எப்படியோ வந்துவிட்டது என்றால் உதறாதீர்கள், பிரஷ் போடாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பையோடு தண்ணீருக்குள் அமிழ்த்தி நனைத்த பிறகே பிரியுங்கள், மற்றத் துணியோடு சேர்க்காதீர்கள்.

‘அய்யோ, எங்க வீட்டுக் கார் ஷெட்டே ஆஸ்பெஸ்டாஸ் கூரைதானே!’ என்று இதற்குள் சிலர் எழுந்து வாசலுக்குப் போயிருப்பீர்கள். உட்காருங்கள். ஷீட்டில் நார் சிமென்ட்டோடு இறுகிப் பிணைந்திருக்கிறது, சுமார் பத்தில் ஒரு பங்குதான். குழாய் உறை போலக் கையால் கசக்கினால் உதிராது. உடையாமல் இருக்கும் கூரையை அப்படியே விடலாம். துளை போடுவது, ரம்பத்தால் அறுப்பது, சுரண்டிக் கழுவுவது, உடைத்துக் கொல்லையில் கொட்டுவது கூடாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் வேறு கூரையைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, அந்த மாடிப்படி ஐயாவுக்கு வருவோம். மூச்சு வாங்குவதற்கு இதயம், ரத்தசோகை, ஆஸ்துமா, சிகரெட் என்று சாதாரணமான காரணங்கள்தான் அதிகம். பாய்லர் பக்கம் நின்றவர்களுக்கெல்லாம் இந்த நோய் வந்துவிடாது, எல்லா பாய்லரிலும் கல்நார் இருந்ததும் இல்லை. ஆனால் அப்படி வேலை பார்த்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, நுரையீரலின் கொள்ளளவை ஊதிப் பார்க்கும் டெஸ்ட், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார். சளியில் கிருமியே இல்லாமல் டி.பி. மாத்திரை மட்டும் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால், ‘இவர் லாகிங் தூசியில் வேலை செய்தவர்’ என்ற ஒரு வார்த்தை வைத்தியத்தின் திசையையே மாற்றலாம். அறிகுறி எதுவும் இல்லாதவர் பயந்துகொண்டு வருஷாவருஷம் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பது என்று நெஞ்சக நோய் நிபுணர் சொல்லட்டும்.

வந்துவிட்ட தழும்பை அழிக்க மருந்து கிடையாது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் செய்யக் கூடியது நிறைய. சிகரெட், பீடியை இன்றே நிறுத்தினால் அந்த 53 மடங்கு கணக்கு மெல்ல மெல்ல இறங்கும். ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் விறைத்த நுரையீரலுக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சலே பெரிய பாரம். மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் வீட்டிலேயே ஆக்ஸிஜன் உண்டு. திடீரென்று எடை குறைவது, சளியில் ரத்தம், ஒரு பக்கமாக நெஞ்சுவலி, விரல் நுனி உருண்டு தடிப்பது இவற்றில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுங்கள். எந்த வருஷம் எந்த வேலையில் சேர்ந்தார், எந்த ஷெட், பக்கத்தில் என்ன நடந்தது, தூசி எப்படி இருந்தது, கூட வேலை பார்த்தவர்கள் யார் என்று ஒரு தாளில் வருஷ வாரியாக எழுதி, பழைய சம்பளச் சீட்டு, வேலைச் சான்றிதழோடு அவருடைய மெடிக்கல் ஃபைலில் வையுங்கள். அந்தக் காலத்தில் அவருடைய உடுப்பை வீட்டில் துவைத்தது யார் என்று கடைசியில் கேளுங்கள். அம்மா, அத்தை, அக்கா என்று யார் பெயரைச் சொன்னாலும், அந்தத் தாளின் ஒரு ஜெராக்ஸ் அவருடைய ஃபைலுக்கும் போக வேண்டும்.